இடஞ்சுற்றிய கலியாணம்

படத்தில் ஒரு பிழையும் இல்லை. சிமியோனுக்கு அதுதான் தலையிடியாக இருந்தது.

நீர்வேலி இளையதம்பியரின் பழைய வால்வு ரீவியைத் திருத்தி முதல்நாள்தான் கொடுத்திருந்தான். இன்றைக்கு உடனே வரச்சொல்லி ஆள் வந்துவிட்டது. வந்து பார்த்தால் படம் உருளவில்லை, சுருங்கவில்லை, அடியில் மடியவுமில்லை. ஜேர்மனியில் மகன் சற்குணனுக்கு நடந்த கலியாணம், வாடகை டெக்கில் போட்ட வீடியோக் கொப்பியிலிருந்து துப்பரவாகத் தெரிந்தது.

"என்னம்மா பிழை?"

"பெட்டியிலை பிழையில்லைத் தம்பி, கலியாணத்திலைதான் பிழை. பெட்டியைச் சாட்டித் தப்பலாமெண்டு இவர்தான் உம்மைக் கூப்பிட்டவர்," என்றார் சற்குணனின் தாய் ஞானாம்பிகை.

இளையதம்பியர் சைக்கிளைப் பிடித்தபடி முற்றத்தில் நின்றார். தபால் கந்தோர் பூட்டமுதல் தந்தி அடிக்கவேண்டும். தாலியைத் திருப்பிக் கட்டு, அதுவரை அவள் எனக்கு மருமகள் இல்லை என்பது ஞானாம்பிகை சொல்லிவிட்ட தந்தி.

"தாலிக்கு முந்தி பொம்பிளை வலப்பக்கம் இருக்கவேணும். இடப்பக்கம் இருக்கிறாள். பத்தேகாலுக்குக் கட்டவேண்டிய தாலி, அந்த மணிக்கூட்டைப் பாரும், ஒண்டேமுக்கால். பிறகு அக்கினியை இடஞ்சுத்துதுகள். செத்தவீட்டிலைதானே தம்பி உப்பிடிச் சுத்துறது?" என்று கேட்டார் ஞானாம்பிகை.

சிமியோன் குருநகர்க் கத்தோலிக்கன். "எங்கடை கோயிலிலை சுத்துறதில்லையம்மா. நேரை போய் நேரை வாறதுதான்."

"அப்ப உம்மட்டைக் கேட்டு என்ன பிரயோசனம்," என்றார் ஞானாம்பிகை. "இஞ்சாருங்கோ, நீங்கள் வெளிக்கிடுங்கோ!"

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை," என்றான் சிமியோன். கொப்பியைப் பின்னுக்கு ஓட்டி, தாலி கட்டுமிடத்தை மறுபடி போட்டான். சடங்கு அவனுக்கு விளங்காது, மணிக்கூடு விளங்கும். இலக்கமில்லாமல் கோடுகள் மட்டும் போட்ட மணிக்கூடு. அதன் விநாடிமுள் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணை, மணிக்கூடு பின்னுக்கு ஓடுது."

"ஜேர்மன்காரன்ரை மணிக்கூடு அப்பிடியோ என்னவோ," என்றார் இளையதம்பியர்.

"அங்கை எல்லாம் மாறித்தான் கிடக்கு," என்றார் ஞானாம்பிகை. "சுவரிலை எழுதியிருக்கிறதையும் பாரும்."

சுவரிலிருந்த எழுத்தைச் சிமியோனும் பார்த்திருந்தான். ஜேர்மன் எழுத்து என்று விட்டுவிட்டான். இப்போது வலமிருந்து இடமாக வாசித்துப் பார்த்தான். எல்லாம் சாதாரண இங்கிலீசு எழுத்துகள்தான்.

ரீவிக் குழாய்க்குள் ஒரு கதிர், நாம் கடதாசியில் எழுதுவதுபோல, இடமிருந்து வலமாகக் கோடு கோடாகப் படத்தை எழுதுகிறது. கதிரைப் பக்கவாட்டில் இழுப்பது குழாயின் கழுத்தைச் சுற்றியிருக்கும் கொயில் என்ற கம்பிச்சுருள். அதற்குப் போகும் இரண்டு வயர்களும் மாறிவிட்டால் கதிர் வலமிருந்து இடமாக எழுதும். மேலும் கீழும் இழுக்கும் கொயில் வேறு என்பதால் தலைகள் மேலேதான் இருக்கும். படம் கண்ணாடியில் பார்த்ததுபோல் இருக்கும், வேறொரு குறையும் தெரியாது.

முதல்நாள் அந்தக் கொயிலை மாற்றியது சிமியோன். பகலில் ஒளிபரப்பு இல்லாததால், திரையில் கட்டம் கட்டமாகக் கோடு காட்டும் சோதனைக் கருவியை வைத்துத்தான் சோதித்தான். கட்டத்துக்கு வலமும் ஒன்றுதான், இடமும் ஒன்றுதான்.

"தந்தி வேண்டாமண்ணை. படம் இடம்வலம் மாறித் தெரியுது."

"அப்ப ஐயரிலை பிழையில்லையோ?" என்றார் ஞானாம்பிகை.

"இல்லையம்மா. என்னிலைதான்."

"நேற்றே சொல்லியிருக்கலாமே. நானொருத்தி விடிய எழும்பினதிலையிருந்து அந்தப் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருக்கிறன்."

சிமியோன் பிளக்கைக் கழற்றினான். குழாயில் தேங்கிநின்ற மின்னை இறக்கி, கொயிலின் இரண்டு வயர்களையும் இடம்மாற்றி ஈயம் வைத்தான். வால்வுகள் சூடேறிப் படம் வந்தது. பெண் வலப்பக்கம் இருந்தாள். மணிக்கூட்டில் பத்தேகால். தாலி கட்டியானதும் இருவரும் அக்கினியை வலமாகச் சுற்றினார்கள்.