நான்கு ஸ்பிரிங்

அண்ணன் கேட்டதும் தங்கச்சிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. எலெக்ட்ரிக் கிட்டாரில் டிரெமோலோ என்று ஒன்று உண்டு. அதன் கைப்பிடியை அழுத்தி விட்டால் கம்பிகள் தளர்ந்து இறுகி, சுரம் நடுங்கும். முப்பது வருஷமாக அந்தக் கைப்பிடியைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவைத்திருந்த மனுஷர் அவர். "விரல் இல்லாதவனுக்குத்தான் கைப்பிடி" என்று மேடைக்கு மேடை நக்கல் அடித்தவர். இப்போது அவளுடைய ரிப்பேர் கடை மேஜையில் கிட்டாரைக் கிடத்தி, பழையதைத் தூக்கிவிட்டு நல்ல டிரெமோலோவாகப் போடச் சொல்கிறார்.

"கடைசியில வழிக்கு வந்துட்டியாண்ணா?"

"சும்மா, ஒரு மாறுதலுக்கு. சனிக்கிழமை மேடை இருக்கு, அதுக்குள்ள வேணும்."

வேலையில் அவள் யாருக்கும் சளைத்தவள் அல்ல. கம்பிகளைத் தாங்கும் துருவேறிய பிரிட்ஜைக் கழற்றிவிட்டுப் புதியதை இரண்டு திருகுகளின் மேல் அசைந்தாடும்படி உட்கார்த்தினாள். அண்ணன் தடித்த கம்பிதான் போடுவார். அந்த இழுப்புக்கு ஈடுகொடுக்கப் பின்பக்கக் குழியில் நான்கு ஸ்பிரிங்குகளை மாட்டினாள். கைப்பிடியை நூறு தடவையாவது அழுத்தியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் சுரம் இம்மி பிசகாமல் பழைய இடத்துக்கே வந்து நின்றது. மெச்சிக்கொள்ளப் பக்கத்தில் ஆளில்லை, தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்த அண்ணன் கிட்டாரை மடியில் வைத்துக் கைப்பிடியை அழுத்தினார்.

"இறுக்கமா இருக்கே."

"என் வேலையில குறை சொல்லலேன்னா உனக்குச் சோறு இறங்காதே!" அவள் ஒரே விரலால் அழுத்திக் காட்டினாள். சுரம் சறுக்கி இறங்கி, ஏறியது.

அண்ணன் மறுபடி முயன்றார். உள்ளங்கையை முழுதாக வைத்து, தோளையும் கொடுத்து அழுத்தினார். கைப்பிடி அசையவில்லை. அப்போதுதான் அவள் அந்த வலது கையைப் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. தன் அளவுக்கு அண்ணனுக்குச் சட்டை தைத்தது போல, தன் கைபலத்துக்கு ஸ்பிரிங் மாட்டியிருக்கிறாள்.

"எப்பத்திலேர்ந்து?"

"இடது கை போன வருஷத்திலேர்ந்து. நரம்பு வியாதியாம். விரலால சுரத்தை நடுக்க முடியல, அதான் இதைக் கேட்டேன். வலது இப்பத்தான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ சிரிச்சிருக்க மாட்டியே."

அவள் தடித்த கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினாள். கடையில் இருந்ததிலேயே மெல்லிய கம்பிகளைப் போட்டாள். கம்பியின் இழுப்பு குறைந்ததால் நான்கு ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி சுருதி சேர்த்தாள். எடுத்த ஸ்பிரிங்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

இந்த முறை கைப்பிடி இறங்கியது. சுரம் நடுங்கியது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மறுபடி அழுத்தினார். பிறகு கிட்டாரைக் கவிழ்த்து அந்தக் குழியைப் பார்த்தார்.

"இன்னும் எத்தனை கழட்டலாம்?"

"இன்னும் ஒண்ணு."

"அப்புறம்?"

அவள் ஸ்பிரிங்கை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

"அப்புறம் நான் பக்கத்துல உக்காந்து அழுத்தறேன்."

"நீயா? உனக்குத் தாளம் தப்புமே."

"தப்பினா திட்டு. இத்தனை வருஷமா அதைத்தானே பண்றே."