மாமாவுக்கு ஒரு மெஸ்

என் மனைவி நயேலி ஜனவரியில் இறந்தாள். அவளுடைய அப்பா என் வீட்டிலேயே தங்கிவிட்டார். நான் இருங்கள் என்று சொல்லவில்லை. அவரும் போகிறேன் என்று சொல்லவில்லை.

மாமாவின் பெயர் கிரிஸ்பின். மெக்சிகோ நகரத்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் உண்டு. அவருக்கு என்ன சமைக்க வேண்டும் என்று நயேலிக்குத் தெரியும். எனக்கு முட்டை பொரிக்கத் தெரியும். கட்டடங்களுக்குக் கம்பிக் கணக்குப் போடுவது என் வேலை. வீட்டில் உட்கார்ந்தே செய்வேன்.

மார்ச்சில் அவருக்குச் சர்க்கரை ஏறியது. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண் சோளம் வேண்டாம், பீன்ஸ் வேண்டாம் என்றாள். நம் ஊர்ச் சாப்பாடே மாவும் கொழுப்பும்தான், இனி பச்சை இலையும் வேகவைத்த கோழியும் போதும் என்றாள். மாமா ஒரு வாரம் பேசாமல் சாப்பிட்டார். பிறகு தட்டைத் தள்ளி வைத்தார்.

"மாப்பிள்ளை, அந்தப் பொண்ணு வீட்ல முயல் வளர்க்குதா?"

அந்த வாரமே மான்டெர்ரே நகரத்திலிருந்து அவருடைய மகன் ரொகேலியோ கூப்பிட்டான். மே மாதப் பரிசோதனையில் சர்க்கரை இறங்காவிட்டால் காரோடு வந்து அப்பாவை அழைத்துப்போவதாகச் சொன்னான். கோபம் இல்லை. தங்கச்சியே போய்விட்டாள், உனக்கு எதற்கு இந்தப் பாரம் என்றான். நான் சரி என்றேன். போனை வைத்த பிறகுதான், அவர் போய்விட்டால் இந்த வீட்டில் எழுந்து நடமாட இன்னொரு ஆள் கிடையாது என்பது உறைத்தது.

கொஞ்சம் படித்துப் பார்த்தேன். சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்த சோளம், பானையில் வெந்த பீன்ஸ், சப்பாத்திக் கள்ளி, கீரை. இவை சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற்றும். கெடுதல் எல்லாம் பொரித்ததிலும் பாக்கெட்டில் வருவதிலும் இருந்தது. அதாவது நயேலி சமைத்த சாப்பாடு சரியான சாப்பாடுதான். அதைச் சமைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். எனவே தினமும் மதியம் மெஸ் தேடிக் கிளம்பினோம்.

எங்கள் போர்த்தாலெஸ் பகுதியில் தெருவுக்கு இரண்டு மெஸ் உண்டு. மாமா வாசலிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார். சாப்பாட்டுப் பட்டியலில் போட்டோ இருந்தால் உள்ளே போகமாட்டார். சுவரில் பெரிய தொப்பி மாட்டியிருந்தால் இது நமக்கில்லை, விமானத்தில் வந்தவனுக்கு என்பார். ஒரு கடையில் மடித்த சோள ரொட்டியான டாக்கோ மேல் அமெரிக்கப் பாணியில் மஞ்சள் சீஸ் உருகிக் கிடந்தது. மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாஸ்போர்ட் எடுத்துட்டு வந்திருக்கலாம்" என்றார். இன்னொரு கடையில் டோர்ட்டியா என்கிற வெறும் சோள ரொட்டியை எடுத்து மூக்கருகே வைத்துவிட்டுப் பாக்கெட் மாவு என்று கீழே வைத்தார். சூப் வரும்வரைகூட உட்காரவில்லை. கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் காசை வைத்துவிட்டு வந்தேன்.

கடைசியில் கிடைத்தது எவெலியாவின் மெஸ். கார் நிறுத்தும் இடத்தில் மேசை போட்டிருந்தாள். பெயர்ப் பலகை கிடையாது. கல்லில் நீலச் சோள டோர்ட்டியா உப்பிக்கொண்டிருந்தது. பருப்புக்கீரையும் பச்சைத் தக்காளியும் போட்ட பன்றிக் குழம்பு, வதக்கிய கள்ளி, குழைந்த பீன்ஸ். மாமா முதல் டோர்ட்டியாவைத் துண்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டார். இரண்டாவது டோர்ட்டியா கேட்டார். நான் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டேன்.

சர்க்கரை இறங்கவில்லை.

மாலையில் விரலைக் குத்தி நான்தான் பார்ப்பேன். இருநூற்றைம்பதுக்குக் கீழே வரவே இல்லை. சோற்றை நிறுத்தினேன். மறுவாரம் டோர்ட்டியாவை நிறுத்தினேன். பிறகு பீன்ஸை. மாமா எதிர்த்துப் பேசவில்லை. அவர் தட்டில் கள்ளியும் ஒரு துண்டு இறைச்சியும்தான் மிச்சம். பொரிக்கிற எண்ணெயை மாற்றினாயா என்று எவெலியாவிடமே கேட்டுவிட்டேன். எண்ணெய் மாத்தல, உங்க சந்தேகத்தைத்தான் மாத்தணும் என்றாள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் தெருவில் குழாய்த் தண்ணீர் வரவில்லை. லாரியும் வரவில்லை. கேனில் இருந்தது சமையலுக்கே போய்விட்டது, இன்னைக்கு ஹமைக்கா இல்லை, கோவிச்சுக்காதீங்க என்றாள் எவெலியா. காய்ந்த ஹமைக்காப் பூவை ஊறவைத்து எடுக்கும் சிவப்புத் தண்ணீர் அது. எல்லா மெஸ்ஸிலும் சாப்பாட்டோடு ஒரு ஜாடி வரும். தீர்ந்தால் இன்னொன்று வரும். நான் மூலைக் கடையில் சாதாத் தண்ணீர் வாங்கி வந்தேன்.

அன்று மாலை நூற்றறுபது.

மறுநாள் ஜாடி திரும்ப வந்தது. என் டம்ளரை வாயில் வைத்தேன். இனிப்பு நாக்கில் ஒட்டியது. குழம்பையும் டோர்ட்டியாவையும் கூறுபோட்டு ஆராய்ந்த நான் இதைச் சாப்பாட்டில் சேர்க்கவே இல்லை. யாரும் சேர்ப்பதில்லை. அது தண்ணீர்தானே. மாமாவுக்கு ஒவ்வொரு நாளும் டம்ளர் டம்ளராக நான்தான் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

"மாமா, இதுல சக்கரை போட்டிருக்கு" என்றேன்.

அவர் ஜாடியைப் பார்க்கவில்லை. "தெரியும் மாப்பிள்ளை."

"எப்பலேர்ந்து?"

"முதல் நாளே. நயேலி சக்கரை போடாமத்தானே குடுப்பா. பழகின நாக்கு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மேசை விரிப்பில் இருந்த சோளத் துணுக்குகளை அவர் விரலால் ஒன்றுசேர்த்தார்.

"நீங்க சின்ன வயசு. நாளைக்கு ஒருத்தி வருவா. வரணும். அப்ப மூலையில நான் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? போங்கன்னு சொல்ல உங்களுக்கு மனசு வராது. போறேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நம்பர் சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

அடுத்த மேசையில் யாரோ எலுமிச்சை கேட்டார்கள். எவெலியா எடுத்துக்கொண்டு போனாள். ஜனவரியிலிருந்து என்னிடம் ஆறுதல் சொன்னவர்களுக்கெல்லாம் நன்றி என்று மட்டும் சொல்லி வந்திருக்கிறேன். இவருக்கு அது போதாது என்று தெரிந்தது. பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தேன்.

ரொகேலியோ வேலை இடத்தில் இருந்தான். பின்னால் இயந்திரச் சத்தம்.

"மச்சான், மாமா இங்கதான் இருப்பாரு. நீ கார் எடுக்க வேண்டாம்."

"டெஸ்ட் ரிசல்ட் வந்துருச்சா?"

"டெஸ்டே இன்னும் எடுக்கல."

"அப்புறம் எப்படி?"

"எவ்வளவு வந்தாலும் இங்கதான். எனக்கு வேணும்."

இயந்திரச் சத்தம் தூரமாகப் போனது. பிறகு அவன், அப்பா பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டான். இருக்கிறார் என்றேன். குடுக்கச் சொன்னான்.

மாமா கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். மகன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எனக்கென்ன தெரியும்" என்றார் கடைசியில். "மாப்பிள்ளைதான் சொல்றாரு."