வலது பக்கம் மேலே வந்த கிமோனோ

விஷ்ணுப்ரியாவுக்கு முப்பத்து மூன்று வயது. மலேசியாவில், கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு ஆப்பீஸில் வேலை. வரன் தேடும் இணையதளத்தில் 'பொழுதுபோக்கு' என்ற கட்டத்துக்கு வந்தபோது அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. மற்ற பெண்களெல்லாம் வாசிப்பு, சமையல், இசை என்று போட்டிருந்தார்கள். தான் மட்டும் என்ன இளப்பமா? 'ஜப்பானியக் காகிதப் பொம்மை செய்தல்' என்று தட்டினாள். பல் டாக்டருக்குக் காத்திருந்தபோது பார்த்த ஒரு வீடியோதான் அந்தக் கலையில் அவளுக்கிருந்த மொத்த அனுபவம். அதுவும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தது.

இரண்டு வாரம் கழித்து, அதைப் பார்த்துவிட்டு யுகேந்திரன் போன் செய்தான். ஷா ஆலாமில் ஒரு ஜப்பான் கம்பெனியில் இன்ஜினியர்.

"பொம்மை செய்வீங்கன்னு போட்டிருக்கே, நிஜமாவா?"

"சின்ன வயசிலேர்ந்தே," என்றாள். எத்தனை வருஷமாக என்று யாரும் கேட்கவில்லை. அவள் நாக்குக்கு எப்போதுமே தாராள மனசு.

"அப்ப ஒரு உதவி. எங்க பாஸ் மோரி அடுத்த மாசம் ஜப்பானுக்கே திரும்பிப் போறார். கடையில வாங்கிக் குடுக்க மனசு வரலை. ஒண்ணு செஞ்சு தர முடியுமா?"

"அதுக்கென்ன, செஞ்சிடலாம்."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இதுவரை வந்த ஐந்து வரன்களில், மறுபடியும் பேச மாட்டானா என்று அவள் ஏங்கியது இவன் ஒருவனுக்குத்தான். அவனிடம் போயா பொய்யில் ஆரம்பிக்க வேண்டும்?

தேடிப் பிடித்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் நடந்த சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தாள். டீச்சர் ஆயிஷா ஒசாகாவில் படித்துவிட்டு வந்தவள். விஷ்ணுப்ரியாவைவிட ஏழு வயது சின்னவள்.

முதல் வாரம் கூந்தல். கறுப்புக் காகிதத்தைச் சுருக்கிச் சுருட்டிக் கொண்டை போட வேண்டும். விஷ்ணுப்ரியா போட்டது கருகிய வடை மாதிரி வந்தது.

"பரவால்லக்கா," என்றாள் ஆயிஷா, உதட்டைக் கடித்துக்கொண்டு. "மோட்டார் சைக்கிள்ல வந்து இறங்கின பொண்ணு மாதிரி இருக்கு."

இரண்டாம் வாரம், கண் வரையப் பென்சிலைக் கூர் சீவினாள்.

"ஐயோ அக்கா! இந்தப் பொம்மைக்கு முகமே கிடையாது. பாக்கறவங்களே நெனச்சுக்கணும்."

"பொட்டு மட்டும்?"

"பொட்டும் வேணாம்."

மூன்றாம் வாரம் கிமோனோ. "பொம்மையோட இடது பக்கம்தான் மேல வரணும், வலது பக்கம் உள்ள போகணும். மறந்துடாதீங்க," என்று ஆயிஷா இரண்டு தரம் சொன்னாள். விஷ்ணுப்ரியாவும் இரண்டு தரம் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து பசை தடவும்போதுதான் மனசு ஒப்பவில்லை. மங்கலமாகக் கொடுக்கிற பொருள். அதில் இடது பக்கமா மேலே வருவது? வெற்றிலை நீட்ட வலது கை, புது வீட்டுக்குள் வைக்க வலது கால். ஜப்பான்காரர்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லாமல் போயிருக்கலாம். அதற்காக நாமும் அப்படியே விடுவதா? மாற்றி ஒட்டினாள்.

"இப்பதான் லட்சணமா இருக்கு," என்றாள் அம்மா.

சாயங்காலம் பொம்மையை வாங்கிப்போக யுகேந்திரன் வந்து, பெட்டியைத் திறந்து பார்த்தான். "ரொம்ப அழகா இருக்கு," என்றான். சொல்லும்போது அவன் கண் பெட்டியில் இல்லை. சந்தோஷத்தில் விஷ்ணுப்ரியாவுக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை பதினொன்றுக்கு, பெருமை தாங்காமல் படத்தை ஆயிஷாவுக்கு அனுப்பினாள். பதிலாகப் போனே வந்தது.

"அக்கா, வலது பக்கம் மேல வந்திருக்கே!"

"நான்தான் மாத்தினேன். நல்லதுக்குத்தான்."

"அக்கா... அது செத்தவங்களுக்கு உடுத்தற முறை."

மோரிக்குப் பிரியாவிடை விருந்து அன்றைக்கே ஒரு மணிக்கு. ஊருக்குப் புறப்படும் மனிதர் கையில், முகமில்லாத ஒரு பிணம். விஷ்ணுப்ரியா மேனேஜரிடம் வயிற்றுவலி என்று புதிதாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, கிராப் டாக்சி பிடித்து ஷா ஆலாமுக்குப் பறந்தாள். வழியெல்லாம் நாக்கு தன் வேலையைச் செய்தது. பசை சரியில்லை என்று சொல்லிவிடலாம். பெட்டியை மட்டும் கேட்டு வாங்கினால் போதும். அவனுக்கு எதுவுமே தெரிய வேண்டாம்.

கம்பெனி வாசலுக்கு யுகேந்திரன் ஓடி வந்தான். "என்னங்க, உடம்புக்கு ஏதாச்சுமா?"

அந்தப் பதற்றத்தைப் பார்த்ததும் தயாராக வைத்திருந்த பொய்யைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"அந்தப் பொம்மை செத்துப்போனவங்க மாதிரி உடுத்தியிருக்கு. குடுத்துடாதீங்க. எனக்குப் பொம்மை செய்யத் தெரியாது. நீங்க கேட்டப்புறம்தான் கிளாஸ்ல சேந்தேன். என் வாழ்க்கையில செஞ்ச ஒரே பொம்மை அதுதான்."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு இருபது.

"பெட்டி காடியிலதான் இருக்கு. வாங்க," என்றான்.

முகத்தில் சிரிப்பு இல்லை. முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டே அவள் காருக்குள் ஏறினாள். ஈர டிஷ்யூவால் கழுத்துப்பட்டியை நனைத்து உரித்தபோது அது கிழிந்தது. டேஷ்போர்டில் கிடந்த பழைய தீபாவளி அன்பளிப்பு உறையை அவன் எடுத்து நீட்டினான். அவனுடைய ஸ்டாஃப் கார்டை விளிம்பாக வைத்து அவள் ஒரு பட்டி கிழித்தாள். மடிப்பை மாற்றிப் போட்டு, உறையின் வாயிலிருந்த பசையை நனைத்துப் பட்டியை ஒட்டினாள், இடது பக்கம் மேலே. பசை காயும்வரை அவன் பொம்மையைப் பிடித்துக்கொண்டான், ஊசி போட்ட குழந்தையைப் பிடிப்பதுபோல.

"நானும் எத்தனையோ பொய் கேட்டிருக்கேன்," என்றான் கடைசியில். "சொன்ன பொய்க்கு டியூஷன் போன ஆளு நீங்க ஒருத்தர்தான் லா."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"சாம்பார் நல்லா வைப்பீங்கன்னு போன்ல சொன்னீங்களே?"

"அது அம்மா."

"மலை ஏறுவேன்னு சொன்னது?"

"பத்துமலை முருகன் கோயில் படி. அதுவும் பாதி வரைக்கும்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். பெட்டியை மூடிக்கொண்டு இறங்கியவன், குனிந்து ஜன்னல் வழியே பார்த்தான்.

"விருந்துல தலையைக் காட்டி, இதைக் குடுத்துட்டு முக்கால் மணி நேரத்துல வந்துடுவேன். அதுக்குள்ள கிராப் கூப்பிட்டுப் போயிடாதீங்க. மிச்சப் பொய்யெல்லாம் என்னென்னன்னு யோசிச்சு வைங்க, சாப்பிட்டுக்கிட்டே கேக்கறேன்."

"நிறைய இருக்கு," என்றாள் விஷ்ணுப்ரியா.

அது மட்டும் சத்தியமான வார்த்தை.