இரண்டு வாண்டா சித்திகள்

மிக்தாலியாவுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற வேலை இல்லை. பாடம் மண்டையில் ஏறாத அளவுக்கு ஒரு பிள்ளையின் வீட்டில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்ப்பதுதான் வேலை. சமூகப் பணியாளர் என்று பதவிப் பெயர். மலைப்பக்கத்துச் சனம் வைத்த பெயர் ‘பிள்ளை பிடிக்கிறவ’. பிள்ளைகளைக் கூட்டிப் போகிற இலாகா தனி, தான் அந்த ஆள் இல்லை என்று அவளும் வந்த நாளிலிருந்து சொல்லிப் பார்த்தாள். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்!

எட்டாம் வகுப்பு நஷாலியின் அம்மா மழைக்காலத்துக்கு முன்பு புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். அப்பா என்று ஒருவர் எப்போதுமே இருந்ததில்லை. நஷாலியையும் முதல் வகுப்புத் தங்கை கியாராவையும் பார்த்துக்கொள்ள, அம்மாவின் தங்கை வாண்டா வந்து தங்கியிருப்பதாகப் பள்ளிக்குத் தகவல். எல்லாம் சரிதான். ஆனால் நஷாலி மதியச் சாப்பாட்டில் பாதியைத் தினமும் பைக்குள் தள்ளுவதை மிக்தாலியா பார்த்துவிட்டாள்.

முதல் தடவை போனபோது ஒல்லியான ஒரு பெண் கதவைத் திறந்து, “நான்தான் வாண்டா” என்றாள். காபி போட்டவள், சர்க்கரை டப்பா எங்கே என்று நஷாலியிடம் கேட்டாள். மிக்தாலியா கண்டும் காணாததுபோல் காபியைக் குடித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

செவ்வாய்க்கிழமை வாசல் கேட்டுக்கு வெளியே காரை நிறுத்தி ஹாரன் அடித்தாள். அங்கெல்லாம் அதுதான் மரியாதை, யாரும் விறுவிறுவென்று உள்ளே நுழைந்துவிட மாட்டார்கள். கதவைத் திறந்துகொண்டு குண்டாக ஒருத்தி வந்தாள்.

“வாங்க மிஸ். நான்தான் பிள்ளைங்களோட சித்தி, வாண்டா.”

அதே நேரம் பக்கத்து வேலியைத் தாண்டி ஒல்லி வாண்டா ஈரக்கையோடு ஓடி வந்தாள். “மன்னிச்சுக்குங்க மிஸ், துணி காயப் போட்டுட்டிருந்தேன்…”

இரண்டு வாண்டாக்களும் ஒருவரை ஒருவர் பார்த்து விழித்தார்கள்.

“உனக்கு இன்னைக்கு ஆஸ்பத்திரின்னியேடி?” என்றாள் குண்டு வாண்டா.

“டாக்டர் வரல, திரும்பிட்டேன். உன் புருஷன்கிட்ட சொல்லி விட்டேனே!”

“அந்த மனுஷன்கிட்டயா? அவர்கிட்ட சொல்றதும் சுவத்துகிட்ட சொல்றதும் ஒண்ணு!”

மிக்தாலியாவுக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் நின்ற நஷாலியின் முகத்தைப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை.

எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு உண்மை தானாக வந்தது. அசல் வாண்டா கடல் தாண்டி ஃப்ளோரிடாவில் ஓட்டல் வேலை கிடைத்துப் போனவள். போனும் நின்றுவிட்டது. ஒல்லி செலெனியாவும் குண்டு இராய்தாவும் அண்டை வீட்டுக்காரிகள், முறை வைத்துச் சமைத்துக் கொடுக்கிறார்கள். முறை தப்புகிற நாளுக்கு ஆகட்டும் என்றுதான் நஷாலி மதியச் சாப்பாட்டைப் பைக்குள் தள்ளியது. இருட்டியதும் அக்காளும் தங்கையும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தனியாகக் கிடக்கிறார்கள்.

“இலாகாவுக்குப் போன் பண்ணிடாதீங்க மிஸ்” என்றாள் நஷாலி. “என்னை ஒரு ஊர்லயும் கியாராவ இன்னொரு ஊர்லயும் போட்டுருவாங்க. அவ நான் இல்லாம தூங்க மாட்டா.”

“பண்ணித்தான் ஆகணும்மா. ஆனா உனக்குத் தெரியாம பண்ண மாட்டேன். உன் முன்னாடியே பண்றேன்.”

“உங்கள நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.”

அது சுருக்கென்று தைத்தது. மிக்தாலியா காட்டிக்கொள்ளவில்லை. பெண்கள் இருவரிடமும் திரும்பினாள்.

“செவ்வாய்க்கிழமைக்கு ரெண்டு வாண்டா இருக்கீங்க. எல்லா நாளைக்கும் ஒரு ஆள் உண்டா?”

செலெனியா தரையைப் பார்த்தாள். அவள் வீட்டில் கணவன் பக்கவாதத்தில் படுத்திருந்தான். இராய்தா மெல்லக் கேட்டாள்: “வீட்ட வந்து பாப்பாங்களா மிஸ்?”

“பாப்பாங்க.”

“அப்ப ஆகாது. புயல்ல கூரை போச்சு, இன்னும் தார்ப்பாய்தான். அதுக்குக் கீழ உக்காந்துகிட்டு பிள்ளைங்களக் கொடுங்கன்னு எந்த மூஞ்சியோட கேக்குறது? இல்லாட்டி எப்பவோ கேட்டிருக்க மாட்டேனா?”

மிக்தாலியா அண்ணாந்து பார்த்தாள். பிள்ளைகளின் வீட்டுக்கு மேலே கான்கிரீட் தளம், புயல் ஒரு கீறல்கூடப் போடவில்லை.

“பிள்ளைங்க ஏன் அங்க வரணும்? நீங்க இங்க வாங்களேன்.”

“நானா? ஐயோ, என் கோழிங்க?”

“கோழியும் வரட்டும்.”

“என் புருஷன்?”

“அவரையும் கூட்டிட்டு வா” என்றாள் செலெனியா. “சுவரோட சுவரா ஒரு ஓரமா இருந்துட்டுப் போறாரு.”

மிக்தாலியா போனை எடுத்தாள். நஷாலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை இலாகாக்காரர் வந்தபோது இராய்தாவின் கட்டில் கூடத்தில் கிடந்தது. அவர் அலமாரிகளைத் திறந்து பார்த்தார், துருவித் துருவிக் கேட்டார். நீதிபதி முடிவு சொல்லும்வரை பிள்ளைகள் இராய்தாவோடு இங்கேயே இருக்கலாம் என்றார். நஷாலி அதன்பிறகு மிக்தாலியாவோடு பேசவில்லை.

சில வாரம் கழித்து மிக்தாலியா அங்கே போய் ஹாரனில் கை வைப்பதற்குள் உள்ளேயிருந்து நஷாலியின் கத்தல் கேட்டது.

“தினமும் துவரைச் சோறா? எனக்கு வேண்டாம்! நீ ஒண்ணும் எங்கம்மா இல்ல!”

கதவு அறைந்து சாத்தப்பட்டது. பின்னாலேயே அழுகை, அடக்காத பெருங்குரல் அழுகை. இராய்தா கையில் கரண்டியோடு கேட்டுக்கு வந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

“கேட்டீங்களா மிஸ்? நான் என்ன தப்பு பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணல. இத்தனை நாள் அவதான் இந்த வீட்டுக்கு அம்மாவா இருந்தா. தன் அம்மாவுக்காக அழறதுக்கு இப்பத்தான் நேரம் கிடைச்சிருக்கு. கதவத் தட்டாதீங்க, பக்கத்துல மட்டும் இருங்க.”

இராய்தா உள்ளே போனாள். தட்டில் சோறு போட்டு மூடி வைத்துவிட்டு, சாத்திய கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.