படியில் சப்பாத்துச் சத்தம்

கறுக், கறுக் என்று இரும்புப் படியில் உறைந்த ஐஸ் நொறுங்க, சப்பாத்துகள் ஏறி வருகின்றன, இரண்டு சோடி, இல்லை, மூன்று, எண்ணிப் பழகிய காது பொய் சொல்லாது, கீழ்வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள், அடுத்தது இந்தக் கதவுதான், நாகேஸ்வரி ஐந்து வயது மகளின் வாயைப் பொத்தியபடி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே குந்தியிருந்தாள், மூச்சுக் காட்டாதை சாருஜா, ஆமி வருது. மொன்றியலில் கரண்ட் போய் ஐந்தாம் நாள், மழை விழுந்த இடத்திலேயே உறைந்து மரமும் கம்பமும் முறிந்து கிடக்க, சனத்துக்கு உதவ ராணுவத்தை இறக்கியிருக்கிறார்களாம், காலையில் உணவகத்து வேலைக்குப் புறப்பட்ட கணவன் குகதாசன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயப்பா, இது கனடா ஆமி, மரம் வெட்ட வந்திருக்கிறாங்கள், நீர் ஏன் நடுங்கிறீர், அவனுக்கென்ன, எண்பத்து மூன்றிலேயே ஊரை விட்டவன், அவன் வீட்டுக் கதவை யார் தட்டினார்கள்.

தட்டியது அவள் ஊர் நாவற்குழியில், நல்ல வெயிலில், அவளுக்கு அப்போது பதினாலு வயது, தங்கச்சி, கொஞ்சம் தண்ணி தாங்கோ என்று வெளியே ஒருவன் கொச்சைத் தமிழில் கேட்கிறான், தண்ணீர் என்று கேட்டவருக்கு இல்லையென்று சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள், செம்பை நிரப்பிக்கொண்டு போய்த் திறக்கிறாள், அவ்வளவுதான், அறைக்குள் படித்துக்கொண்டிருந்த குணரத்தினம் அண்ணனைச் சேட்டுக் கொலரில் பிடித்து இழுக்கிறார்கள், விசாரிச்சிட்டு விடுவம் என்கிறார்கள், அம்மா விழுந்து சப்பாத்தைக் கட்டிக்கொள்கிறாள், வாசல் படலை வரைக்கும் அந்தச் சப்பாத்து அம்மாவையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகிறது. அண்ணன் வரவில்லை. ஏனடி திறந்தாய் என்று அம்மா ஒருநாளும் கேட்கவில்லை, ஆனால் சாகும்வரை அவளிடம் ஒரு மிடறு தண்ணீர் வாங்கிக் குடிக்கவுமில்லை.

இனித் திறக்கமாட்டாள், டக், டக், டக், மேடம், மேடம் என்று ஒரு இளந்தொண்டை பிரெஞ்சில் ஏதோ சொல்கிறது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு விளங்கும், பதில் சொல்லிவிடுமோ என்று கையை இன்னும் இறுக்கினாள், அறை மூலையில் கரியடுப்பு கனன்றுகொண்டிருந்தது, கோடையில் பல்கனியில் இறைச்சி வாட்டுவது, குளிருக்கு அவள்தான் காலையில் உள்ளே தூக்கி வந்தாள், ஊரில் பிள்ளை பெற்ற வீடுகளில் கட்டிலுக்குக் கீழே வைக்கும் தணற்சட்டி மாதிரி, அங்கே ஓட்டு இடுக்கால் புகை போய்விடும், இங்கே யன்னல் இடுக்கெல்லாம் அவளே துவாய் திணித்து அடைத்திருக்கிறாள், அம்மா தலையிடிக்குது என்று பிள்ளை மத்தியானம் இரண்டு தரம் சொன்னது, பசியாக்கும் என்று பாண் கொடுத்தாள், அவளுக்கும் தலை சுற்றியது, பயத்தில் என்று நினைத்தாள்.

தட்டல் நின்றது. கறுக், கறுக், இறங்குகிறார்கள், பிள்ளையாரே, போயிட்டாங்கள் பிள்ளை, இனிக் கதைக்கலாம் என்று கையை எடுத்தாள், பிள்ளை கதைக்கவில்லை, தலை அவள் தோளிலிருந்து ஒருபக்கமாகச் சரிந்தது, கன்னத்தில் தட்டினாள், கண் திறக்கவில்லை, எழுந்தாள், முழங்கால் மடிந்து விழுந்தாள், எவ்வளவு நேரமாகப் பொத்திக்கொண்டிருந்தேன், நானேதானோ, நானேதானோ, தவழ்ந்து போகையில் கதவு நாவற்குழிக் கதவாகிறது, செம்பு கையில் இருக்கிறது, திறந்தால் கொண்டுபோய்விடுவார்கள், திறக்காவிட்டால், கொண்டியைத் தள்ளினாள், ஐயா, வாங்கோ, ஐயா, என்ர பிள்ளை, வாங்கோ என்று தமிழில்தான் கத்தினாள்.

ஏறி வந்தவன் அடுப்பைக் கண்டதும் உரக்கக் கத்தினான், மற்றவன் யன்னலை உதைத்துத் திறக்கிறான், பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிப்படிக்கு ஓடுகிறான், கொண்டுபோறான், கொண்டுபோறான், அவள் பாய்ந்து சப்பாத்தைக் கட்டிக்கொண்டாள், அம்மா பிடித்த அதே பிடி, அவன் இழுக்கவில்லை, நின்றான், குனிந்து, குளிர்காற்றில் பிள்ளையை அவள் மடியில் கிடத்தினான், சாருஜா இருமி, அந்தச் சப்பாத்தின் மேலேயே சத்தியெடுத்து, கண் திறக்காமல் முனகியது, அம்மா, தண்ணி.

எழும்ப அவளுக்குக் காலில்லை. கீழே நிற்கும் வண்டியைக் காட்டி அவன் ஏதோ சொல்லிவிட்டு ஓடினான், கறுக், கறுக் என்று சப்பாத்துகள் இறங்கிப் போகின்றன, பிள்ளையின் மூச்சு வருகிறது, நிற்கிறது, வருகிறது, நாகேஸ்வரி காதைத் தீட்டிக்கொண்டு அந்தச் சத்தத்தை எண்ணுகிறாள், கடவுளே, திரும்பி ஏறி வரட்டும்.