முதல் சாவு

அமிர்தவல்லி இறந்தது விடியற்காலை ஐந்தரை மணிக்கு. மணி மூன்றாகியும் பாடை எடுக்கவில்லை. அவள் புருஷன் கோவிந்தசாமிதான் எடுக்கவிடாமல் வைத்திருந்தார்.

காரணம் காலனியில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் திருவிழாத் தகராறில் காலனியில் ஏழு வீடு எரிந்தது. ஊர்ப் பையன் ஒருவனுக்குக் கல்லடியில் கண் போயிற்று. போலீஸ், தாசில்தார், சமாதானக் கூட்டம் எல்லாம் வந்துபோன பிறகு, ஊரில் ஆறு பேரும் காலனியில் ஆறு பேரும் தாங்களாகவே ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்தில் மாதாமாதம் உட்கார ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கத்துக்கு, செஞ்சி டெப்போவில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற கோவிந்தசாமி. அந்தப் பக்கத்துக்கு, கோயில் தர்மகர்த்தா அரிகிருஷ்ணன். பேசிப் பேசி ஓர் இடத்தில் வந்து நின்றார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் சாக்குச் சொல்லலாம். சாவுக்கு அழைப்பே கிடையாது. ஆகவே எந்தப் பக்கம் முதலில் சாவு விழுகிறதோ, மறுபக்கத்து ஆறு பேரும் அந்த வீட்டு வாசலுக்கே வந்து மாலை போட வேண்டும். அவர்கள் வந்துவிட்டால் மற்றவர்களும் வருவார்கள்.

"எங்க பக்கம் ரத்தினம்மா கெழவி ரெடியா இருக்குது கண்டக்டரே" என்று அன்றைக்கு அரிகிருஷ்ணன் சொல்ல, பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள்.

"அம்மாவ வச்சி கமிட்டி நடத்துறியா நைனா?" என்றாள் மகள் மோனிகா.

"வந்துடுவாங்கம்மா. மாலை வாங்க செஞ்சிக்கு ஆள் போயிருக்குது."

"இவ்ளோ நேரமா? செடி நட்டுட்டு பூக்கட்டும்னு குந்தியிருக்கானுங்களா?" என்றான் மகன் எழிலன். எரிந்த ஏழில் ஒன்று அவன் புதிதாகக் கட்டிய வீடு.

அப்போது போன் வந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று கோவிந்தசாமி ஸ்பீக்கரில் போட்டார்.

"கண்டக்டரே, நான் இன்னான்னு சொல்றது. மாலை வாங்கியாச்சி. ஆறு பேரும் ரேஷன் கடைகிட்ட நிக்கிறோம்."

"வாங்களேன் தர்மகர்த்தா. நாலு எட்டுதான?"

"செவ்வாக்கெழமை கோயில்ல காப்பு கட்டிட்டோம். கயிறு என் கையில இருக்குது. இதோட சாவு வூட்டுக்குப் போவக்கூடாதுன்னு பெரியவங்க மறிக்கிறாங்க. நாம பேசுனப்ப இது யாருக்கும் தோணலியே."

உண்மைதான். பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காப்புக் கட்டியவர் சாவு வீட்டுப் படி ஏறமாட்டார் என்பது கோவிந்தசாமிக்குத் தெரியாத வழக்கமா? காலனி மாரியம்மனுக்குத் தான் காப்புக் கட்டிய வருடம், சொந்தத் தம்பி சாவுக்கே தெருக்கோடியில் நின்று அழுதவர் அவர்.

"உன் கையில கயிறு இருக்குது. மத்த அஞ்சு பேர் கையில இன்னா இருக்குது?" எழிலன் போனைப் பார்த்துக் கத்தினான்.



"ஊருக்கே கட்டுன காப்பு தம்பி அது. அவங்கள நான் எப்பிடி..." அரிகிருஷ்ணன் குரல் இறங்கியது. "கோயில் மைக் செட்ட நிறுத்தச் சொல்லிட்டேன் கண்டக்டரே. அந்த அம்மாவுக்காவத்தான்."

அதன் பிறகுதான் கவனித்தார்கள். காலையிலிருந்து ஊர்ப்பக்கம் அலறிக்கொண்டிருந்த அம்மன் பாட்டைக் காணோம். ஊரில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை கோயில் கதவு திறக்காது. காலனிச் சாவுக்குப் பாட்டு நின்றது இதுதான் முதல் தடவை. இதைப் பெரிசாக எடுத்துச் சொல்ல கோவிந்தசாமிக்கு வாய் வரவில்லை. சொன்னாலும் யார் கேட்கப்போகிறார்கள்?

"கருமாதிக்கு எல்லாரும் வர்றோம். அதுக்குள்ள காப்பு அறுத்துடுவோம்" என்றார் அரிகிருஷ்ணன்.

"வர வேணாம்னு சொல்லு நைனா" என்றான் எழிலன்.

வாங்க என்றால் மகன் போய்விடுவான். வேண்டாம் என்றால் இரண்டு வருடம் போய்விடும். அரிகிருஷ்ணன் சாமிக்குப் பயந்து சொல்கிறாரா, ஊருக்குப் பயந்து சொல்கிறாரா, வராமலிருக்க ஒரு வழி கிடைத்ததே என்று சொல்கிறாரா? அது அந்த மனுஷனுக்கே தெரிந்திருக்காது.

"கண்டக்டரே, லைன்ல இருக்கீங்களா?"

"பொழுது போவுது மாமா" என்றான் பாடை கட்டிய சிவசங்கர். "எடுத்துடலாமா?"

கோவிந்தசாமி தலையசைத்தார். எழிலன் கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. போன் அவர் கையில் இன்னும் அணையாமல் இருந்தது. பறை தொடங்கிவிட்டதால், மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை.