ஏழாம் எண் மேசையின் ஆறாத கிண்ணம்

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஆற்றோர உணவங்காடியின் ஏழாம் எண் மேசையில் இருந்தவர்கள்: வாசலைப் பார்த்த இருக்கையில் காப்பிக்கடை கியோக் லுவான், அவளுக்கு எதிரே, பள்ளிக்கூட எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற கோ, செய்தித்தாளை மடித்து அதன்மேல் கடிதத்தாளை வைத்துக்கொண்டு; தூணோரத்தில் மீன் கொண்டுவந்து போடும் ஹெங். நான்காவது இருக்கையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தது. அதற்கு நேராக மேசைமேல் இருந்த கிண்ணத்துச் சோறு ஏழு வருஷமாக ஆறவில்லை. மீன்சோற்றுக் கடைக்காரி சியூ கிம் நின்றுகொண்டிருந்தாள். அந்த அங்காடிக்குள் அவள் உட்கார்ந்தும் ஏழு வருஷமாகியிருந்தது.

அந்தக் கிண்ணத்தை அவளேதான் போட்டாள். வடித்த சோற்றின் மேல் வௌவால் மீன் துண்டுகள், இறால், கணவாய், அதன்மேல் இறால் தலையும் மீன் முள்ளும் கொதித்த சாறு, கடைசியில் ஒரு சிட்டிகை பொரித்த தட்டைமீன் பொடி. புருஷன் கீ செங் டிஷ்யூ பாக்கெட்டை இருக்கையில் வைத்து இடம் பிடித்துவிட்டு, கை கழுவி வருகிறேன் என்று போனான். இந்தச் சோற்றைப் போட்ட உடனே சாப்பிட்டுவிட வேண்டும். பருக்கை சாற்றை உறிஞ்சி வீங்கிவிட்டால் எந்தத் தியோச்சூச் சீனரும் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிடுவார். கீ செங் அன்று வரவில்லை. பத்தாம் நாளும் கிண்ணத்தில் ஆவி பறந்தது, பருக்கைகள் தனித்தனியாக நின்றன, மீன் அப்போதுதான் வெந்து வெளுத்ததுபோல் இருந்தது. இதற்கெல்லாம் யாரும் பெரிதாக வியக்கவில்லை. மதிய நேரத்தில் ஓர் இருக்கை வீணாகிறதே என்பதுதான் எல்லோருக்கும் குறை. தட்டேந்தியவர்கள் சுற்றிச்சுற்றி வந்து முணுமுணுத்தார்களே தவிர, பாக்கெட்டைத் தொடவில்லை. வைத்தவர்தான் எடுக்க வேண்டும், ஊர் வழக்கம் அது. சுகாதார அதிகாரி ஒருவர் வெப்பமானியை முக்கிப் பார்த்து, சூடு போதுமானது என்று எழுதிக்கொண்டு போனார். மூன்றாம் வருஷம் கூரையைப் பிரித்து வேய்ந்தபோது இரண்டு மாதம் எல்லா மேசையிலும் மழை பெய்தது, அந்தக் கிண்ணத்தில் மட்டும் பெய்யவில்லை.

சியூ கிம்மால்தான் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அடுப்பிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து அடுப்புக்கு, துணியும் கையுமாக நாளைக்கு நூறு நடை. நடந்து நடந்து தரையில் விழுந்த பள்ளத்தில் கழுவிவிட்ட தண்ணீர் தேங்கியது. நான்காம் வருஷம் ஹெங் வௌவால் மீனின் செதிலைச் சீவியபடியே, நிமிர்ந்து பார்க்காமல், நாம் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டான். முதலில் அந்த இருக்கை காலியாகட்டும் என்றாள் அவள். அதன்பிறகு அவன் கேட்கவில்லை. ஒருநாள்கூடக் கெட்ட மீன் கொண்டுவந்ததும் இல்லை.

திங்கட்கிழமை இந்தோனேசியாவின் பொந்தியானாக்கிலிருந்து கீ செங்கின் கடிதம் வந்தது. சௌக்கியம், படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கடை நன்றாக ஓடுகிறது, வருகிற சீனப் புத்தாண்டுக்கு வரலாம், இல்லாவிட்டால் அதற்கடுத்த புத்தாண்டுக்கு. என் இடத்தைப் பார்த்துக்கொள் என்று எழுதியிருந்தான். நாலு நாளாக அவள் நடை இரண்டு மடங்காகியிருந்தது. ஒரே சாற்றில் இரண்டு முறை உப்புப் போட்டாள்.

"ஒரு நிமிஷம் உக்காருங்க அண்ணி," என்றான் ஹெங்.

"உக்காந்தா அடுப்ப யார் பாக்குறது?"

"அடுப்பு அணைஞ்சு ஒரு மணி நேரமாச்சு."

"இவனுக்கெல்லாம் என்னடி பதில் கடுதாசி?" என்றாள் லுவான். "செத்துத் தொலைனு ரெண்டே வார்த்த. ஸ்டாம்புதான் தண்டம்."

"ரெண்டு வார்த்தைக்கும் அதே ஸ்டாம்புதான் லுவான். மொதல்ல தேதி, அப்புறம் நலம் விசாரிப்பு, அப்புறம் விஷயம்," என்றார் கோ. தேதியைப் போட்டுவிட்டார்.

"நலமா! ஏழு வருஷமா கை கழுவுறவனுக்கு நலத்துக்கு என்ன கொறச்சல்?"

சியூ கிம் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "கடைசி வரிய இன்னொரு தரம் படிங்க அண்ணே."

கோ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "நான் விட்டுப்போன சோறு அன்றைக்கே ஆறிப்போயிருக்கும். வந்ததும் சுடச்சுட வேறொன்று போடு."

அவள் கை நின்றது. "அன்னைக்கே ஆறிப்போச்சுனு நெனச்சுக்கிட்டா இத்தன நாள் இருந்தாரு?"

அவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து, டிஷ்யூ பாக்கெட்டை எடுத்தாள். வாத்துக்கடையில் கத்திச் சத்தம் நின்றது. பழச்சாறு இயந்திரத்தை யாரோ அணைத்தார்கள்.

"ஏய், வச்சவங்கதானே எடுக்கணும்," என்றாள் லுவான் மெதுவாக.

"வச்சவருக்கே அனுப்புறேன். எழுதுங்க அண்ணே. சோறு ஆறல. நானே சாப்பிட்டுக்குறேன்."

கோ நலம் விசாரித்து ஒரு வரி எழுதி, அதன்கீழ் அவள் சொன்னதைச் சுத்தமான எழுத்துச் சீனத்தில் எழுதி, தாளை மூன்றாக மடித்தார். பாக்கெட் உள்ளே போனதும் உறை தலையணைபோல் உப்பியது. ஊர்ப் புழுக்கத்தில் உறையின் கோந்து எப்போதோ போய்விட்டிருந்தது. அவர் இரண்டு முறை நாக்கால் ஈரப்படுத்தியும் ஒட்டவில்லை. சியூ கிம் கிண்ணத்திலிருந்து மூன்று பருக்கைகளை விரலால் எடுத்தாள். சுட்டது. உதறவில்லை. நசுக்கித் தேய்த்து உறையை ஒட்டினாள்.

அதற்குள் மீன் உருண்டை நூடுல்ஸ் தட்டோடு ஒரு பெண் ஓடிவந்து, "இங்க யாராவது இருக்காங்களா?" என்றாள்.

"நான் இருக்கேன்," என்று சொல்லி சியூ கிம் அந்த இருக்கையில் உட்கார்ந்தாள். அவள் முழங்கால் நெட்டி முறிந்த சத்தம் வாத்துக்கடை வரை கேட்டது.

ஹெங் கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தான். "போட்டுட்டு நேரா வா," என்றாள் அவள், கிண்ணத்தை அருகில் இழுத்தபடி. "எடமெல்லாம் புடிச்சு வைக்கமாட்டேன். சீக்கிரம் வா." பருக்கைகள் வீங்கத் தொடங்கியிருந்தன. அவள் அவசரமாகச் சாப்பிட்டாள்.

ஹெங் வழி முழுக்க உறையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு போனான். அஞ்சலகத்தில் அதை எடை போட்ட பெண் விரல்களை ஊதிக்கொண்டாள், முத்திரை குத்தினாள், இந்தோனேசியப் பையில் போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.